சித்தப்பாவின் பெயரில் போன தபாலட்டை

எங்கள் வீட்டு நாயின் பெயர் ஒருமுறை கொழும்பில் உள்ள பத்திரிகை அலுவலகம் வரைக்கும் போயிருக்கிறது. முதலெழுத்துப் போட்டு, வீதியின் பெயர் எழுதி, கீழே திருகோணமலை என்று கோடும் இழுத்து அனுப்பி வைத்தவர் என் சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டிக்கு ஒருவர் ஒரு தபாலட்டைதான் அனுப்பலாம் என்பது விதி. தன் பெயரிலும், அப்பா, அம்மா, சித்தி, நான் என்று எல்லோருடைய பெயரிலும், இன்னும் பல் முளைக்காத என் தம்பியின் பெயரிலும் எழுதி முடித்த பிறகு அன்றைக்கு ஓர் அட்டை மிஞ்சிவிட்டது. வாசலில் நாய் படுத்திருந்தது.

"நாய்க்குப் பரிசு விழுந்தா ஆர் கையெழுத்து வைச்சு வாங்குறது?" என்று அம்மா கேட்டார்.

"கையெழுத்துத்தானே வைக்க ஏலாது. கைநாட்டு வைக்கும்," என்றார் சித்தப்பா.

நாய்க்கும் விழவில்லை, எங்களுக்கும் விழவில்லை. வெற்றி பெற்றவர்களின் பெயர்களை நான் ஞாயிறுதோறும் விரலால் தொட்டுத் தொட்டு வாசிப்பேன். மட்டக்களப்பு, ஹற்றன், வவுனியா, கொழும்பு பதின்மூன்று. எல்லா ஊருக்கும் போன அதிர்ஷ்டத்துக்கு எங்கள் வீதிக்குள் திரும்ப மட்டும் வழி தெரியவில்லை. பரிசு ஏதோ ஒரு புத்தகப் பொதிதான், அதில் யாருக்கும் அக்கறை இல்லை. பத்திரிகையில் பெயர் வர வேண்டும், அதுதான் எங்கள் ஆசை.

எங்கள் வளவு திருகோணமலையில் உட்துறைமுகத்துப் பக்கம் இருந்தது. முன்வீட்டில் அப்பா, அம்மா, நான், தம்பி. பின்வீட்டில் அப்பாவின் தம்பியான சித்தப்பாவும் சித்தியும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லாதபடியால் என்னைப் பாதி நேரம் அவர்களே வைத்திருந்தார்கள். அப்பா வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர், எதையும் இரண்டு முறை பார்த்த பிறகுதான் வாய் திறப்பார். சித்தப்பா கடலுக்குப் போகிறவர், அவர் பார்க்காமலே பேசுவார். காலையில் கடலால் வந்து குளித்துவிட்டு எங்கள் குசினி வாசலில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். நான் பத்திரிகையை விரித்து, முதற்பக்க மூலையில் பெட்டி கட்டிப் போட்டிருக்கும் 'இன்றைய சிந்தனை'யை உரத்து வாசிக்க வேண்டும். அதற்கு ஒரு வால் கட்டுவது அவருடைய வேலை.

அதிகாலையில் எழும்புவதன் பெருமையைப் பற்றிச் சிந்தனை வந்தால், "இதை மீனும் வாசிச்சுப் போட்டுது போல. எங்களுக்கு முதலே எழும்பிப் போட்டுது," என்பார். பொறுமையைப் பற்றி வந்தால், எழுதியவர் மூதூர் பஸ்ஸுக்குக் காத்து நின்றதில்லை என்பார். மௌனத்தைப் பற்றி வந்தால் குசினிப் பக்கம் திரும்பி, "இதை உன்ர சித்திக்கு ஒருக்கா வடிவா வாசிச்சுக் காட்டு," என்பார். சித்தி அகப்பையைக் காட்டுவார். சிந்தனையும் வாலும் சேர்ந்தால்தான் ஒரு முழுச் சிந்தனை என்று நான் நினைத்திருந்தேன். பாடசாலைக் காலைக் கூட்டத்தில் நற்சிந்தனை சொல்லும் முறை எனக்கு வந்தபோது, உழைப்பின் உயர்வைப் பற்றி நாலு வரி சொல்லிவிட்டு, இப்படி எழுதுகிறவர்களை ஒரு நாளைக்குக் கரைவலை இழுக்க விட வேண்டும் என்ற வாலையும் விடாமல் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள், அதிபர் சிரிக்கவில்லை.

ஞாயிறில் சிந்தனைக்குப் பிறகு கட்டம். இடமிருந்து வலம் சித்தப்பாவுக்கு, மேலிருந்து கீழ் எனக்கு. எங்கள் பத்திரிகையின் குறுக்கெழுத்தில் சில சொற்கள் நேராக வராது. 'திரும்பியுள்ளது' என்றோ 'குழம்பியுள்ளது' என்றோ பக்கத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பழக்கத்தில் சித்தப்பா வீட்டிலும் சொற்களைத் திருப்பிப் போட்டுப் பேசுவார். தேத்தண்ணி வேண்டுமென்றால் "ணிண்தத்தே" என்று குரல் கொடுப்பார். சித்தி திரும்பியும் பார்க்க மாட்டார், ஆனால் தேத்தண்ணி வரும். குறுக்கெழுத்து என்பது வேலையில்லாதவர்களின் வேலை என்பது சித்தியின் கட்சி.

கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நான் பாடசாலையால் வந்தபோது சித்தப்பா வீட்டில் இல்லை. மன்னாருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று அம்மா சொன்னார். என்னிடம் சொல்லாமல் போனதைக் கூடப் பொறுத்துக்கொண்டேன். ஞாயிறு வரப் போகிற நேரத்தில் ஒரு மனிதர் எப்படிப் போகலாம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அப்பா என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"ஆர் கேட்டாலும் சித்தப்பாவுக்கு மன்னாரில நண்டுக் கொம்பனியில வேலை எண்டு சொல்ல வேணும். விளங்குதே?"

"ஓம்."

"வேற கதை ஒண்டும் கதைக்கக் கூடாது."

வேறு கதை என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

அந்த வேறு கதையை இப்போது சொன்னால் ஒரு வரியில் முடிந்துவிடும். சித்தப்பா ஒரு வள்ளத்தில் அவுஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வருடம் எங்கள் கரையோரத்தில் இருந்து கனபேர் அப்படிப் போனார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் அங்கிருந்து போன் எடுத்தார்கள். பிடிபட்டவர்கள் மறியலில், கம்பிக்குப் பின்னால் இருந்தார்கள். சிலரைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. ஆள் எங்கே, யார் அனுப்பியது என்று பொலிஸ் வீடுகளுக்கு வந்து விசாரிக்கிற காலம், அதனால்தான் மன்னார். சித்தப்பா உயிரோடு கரை சேர்ந்தாரா என்ற ஒரே கேள்வியோடு பெரியவர்கள் மூன்று பேரும் அந்த வளவுக்குள் நடந்து திரிந்தார்கள். எனக்கு இது ஒன்றும் தெரியாது. வீட்டில் பெரிய ஆட்கள் பயந்துபோய் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது, பிள்ளைகளுக்கு அது போதும்.

சித்தியின் போன் எந்நேரமும் எங்கள் மேசையின் நடுவில் கிடந்தது. அது அடித்தால் மூன்று பேரும் எழும்புவார்கள். யாரோ தவறான இலக்கத்துக்கு எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், வேறு ஏதோ அலுவலுக்கு எழும்பியது போல ஒருவர் தண்ணீர் குடிக்கப் போவார், ஒருவர் படலையைச் சாத்தப் போவார். படலை சாத்தித்தான் இருக்கும். வானொலியில் செய்தி நேரம் வந்தால் என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டு இருப்பவர் திடீரென்று நிமிர்ந்து, "அந்த எஞ்சினில பிழை ஒண்டும் இல்லை. நான் ரெண்டு தரம் கழட்டிப் பூட்டினனான்," என்பார். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். எந்த எஞ்சின் என்று நானும் கேட்கவில்லை.

பாடசாலையில் யாராவது சித்தப்பாவைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ, வாய் தவறி மன்னாருக்குப் பதிலாக வேறு ஊரைச் சொல்லிவிடுவேனோ என்று அந்த நாட்களில் எனக்குப் பயம். வழி நெடுக "நண்டுக் கொம்பனி, நண்டுக் கொம்பனி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நடப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததும் பயமாகத்தான் இருந்தது.

பத்திரிகை மட்டும் வழக்கம்போல வந்தது. சிந்தனையை வாசிக்கச் சொல்ல ஆளில்லை. போட்டிக்கு அட்டை எழுதக் கேட்டபோது அப்பா கையை அசைத்தார்.

"கொஞ்ச நாளைக்கு எங்கட வீட்டு ஆக்களின்ர பேர் ஒரு இடத்திலயும் வர வேண்டாம்."

அனுப்பக் கூடாது என்றுதானே சொன்னார், நிரப்பக் கூடாது என்று சொல்லவில்லை என்று நான் பென்சிலால் கட்டத்தை நிரப்பினேன். இடமிருந்து வலமும் இப்போது என் பொறுப்பு. ஒரு பின்னேரம் சித்தி என்னைப் பின்வீட்டுக்குக் கூப்பிட்டு, கட்டம் முடிந்துவிட்டதா என்று கேட்டார். இரண்டு சொல் மிச்சம் இருக்கிறது என்றேன். பத்திரிகையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மீன் சுற்றத்தான் கேட்கிறார் என்று நினைத்து, எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பழக்கதோஷத்தில் வெற்றி பெற்றவர்களின் பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டு போனேன். நாலாவது பெயரில் விரல் நின்றது. சித்தப்பாவின் முழுப் பெயர், முதலெழுத்தோடு. எங்கள் வீதி. திருகோணமலை. இத்தனை வருடம் காத்திருந்தது வந்துவிட்டது. சித்தப்பா எங்களை மறக்கவில்லை, மன்னாரில் இருந்தும் கட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார் என்ற சந்தோஷத்தில் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினேன்.

"அம்மா, சித்தப்பாட பேர் பேப்பரில வந்திருக்கு."

அம்மாவின் கையில் இருந்த தேங்காய்ப் பாதி கீழே விழுந்து உருண்டது. அம்மா பெயரைப் பார்க்கவில்லை. அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தார். செய்திப் பக்கம் இல்லை என்று கண்டதும் சுவரில் சாய்ந்துகொண்டார். அதற்குள் அப்பா வந்து பத்திரிகையை வாங்கி, தன் வழக்கப்படி இரண்டு முறை வாசித்தார்.

"இது அவன் போனதுக்குப் பிறகு வந்த போட்டி," என்றார்.

"வேற ஆரும் அதே பேரில இருப்பினமோ?" என்றார் அம்மா.

"எங்கட வீதியிலயோ?"

சித்தி குசினி வாசலில் நின்றார். விழுந்த தேங்காய்ப் பாதியை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் பின்வீட்டுக்குப் போனார். பெயர் வந்த நாளில் இந்த வீட்டில் இப்படி ஒரு மௌனமா என்று எனக்கு அழுகை வந்தது. இதே இடத்தில் சித்தப்பா இருந்திருந்தால் வீதி முழுக்கக் கேட்கும்படி கூத்தடித்திருப்பார்.

கொஞ்ச நேரத்தில் மூலைக் கடை நானா படலையடியில் நின்று கூப்பிட்டார். கிண்ணியா ஆள், பத்திரிகை விற்கிறவர். விற்பதற்கு முன்பு எல்லாவற்றையும் வாசித்துவிடுகிறவர்.

"தம்பி வந்துட்டாரா? பேரு கெடக்கு பேப்பர்ல," என்றார் அப்பாவிடம்.

"மன்னாரில இருந்து அனுப்பியிருப்பான், நானா."

"வெலாசம் இஞ்சத்தேதான் போட்டிருக்கு."

நானா அப்பாவின் முகத்தைப் பார்த்தார், கதவு வழியாக மேசையில் கிடந்த போனைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, கடையில் மிஞ்சியிருக்கிற பத்திரிகைகளை உள்ளே எடுத்து வைத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் விற்றவை ஏற்கனவே எத்தனை வீடுகளுக்குள் போயிருக்கும் என்பது அவருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அப்பா வாசலில் கதிரையைப் போட்டுப் படலையைப் பார்த்தபடி இருந்தார். பெயரை வைத்துக்கொண்டு விசாரிக்க ஆட்கள் வரப் போகிறார்கள் என்று பயந்தார். அம்மா உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்தார். வீதியில் மோட்டார் சைக்கிள் போகும்போதெல்லாம் நான் தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று தெரியாது.

மத்தியானம் படலை திறந்தது. பொலிஸ் இல்லை. குடையோடு ஒரு பெண் நின்றார். இறக்கக்கண்டியில் இருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். அவருடைய மகனை எனக்குத் தெரியும். சித்தப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து, கட்டத்தில் ஒரு சொல்லும் தெரியாமல் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டு, அம்மாவின் மீன்குழம்பை இரண்டு முறை போட்டுச் சாப்பிட்ட அண்ணா. அந்தத் தாயின் கையில் மடித்த பத்திரிகைத் தாள் இருந்தது. வெயிலில் வந்த முகம், ஆனால் சிரித்த முகம். அந்த வளவுக்குள் பல நாட்களுக்குப் பிறகு நான் கண்ட சிரித்த முகம் அதுதான்.

"தம்பி படுத்திருக்கிறாரோ?" என்று மெல்லக் கேட்டார். "எழுப்ப வேண்டாம். களைச்சுப் போய் வந்திருப்பார். நான் இருக்கிறன்."

சொல்லிவிட்டுக் குடையைச் சுருக்கிச் சுவரோடு சாத்தி வைத்தார். அப்பா எழும்பிக் கதிரையை அவர் பக்கம் தள்ளினார்.

"அக்கா, அவன் வரேல்லை," என்றார் கடைசியில்.

"பேப்பரில பேர் வந்திருக்கே. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிச்சுக் காட்டினது. இந்த வீட்டு விலாசம்தான் கிடக்கெண்டு சொன்னது." தாளை விரித்து நீட்டினார். "அவர் வந்தா என்ர மகனும் வந்திருக்க வேணும். ரெண்டு பேரும் ஒரே வள்ளத்திலதானே போனவை."

எந்த வள்ளம் என்று நான் அம்மாவைப் பார்த்தேன். மன்னாருக்கு யாரும் வள்ளத்தில் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். நண்டுக் கொம்பனி அந்த இடத்திலேயே இடிந்து விழுந்தது. அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

சித்தி பின்வீட்டில் இருந்து வந்து எங்களுக்கு நடுவில் நின்றார்.

"நான்தான் அனுப்பினனான்," என்றார். "அவர் வரேல்லை அக்கா. போஸ்ட்காட் எழுதிப் போட்டது நான்."

"நான் வேண்டாமெண்டு சொன்னனான் எல்லே," என்றார் அப்பா. குரலில் கோபத்தை விடக் களைப்புத்தான் கூட இருந்தது.

"ஓம், சொன்னனீங்கள், அத்தான்." சித்தி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எல்லாரும் மன்னார் மன்னார் எண்டு சொல்லச் சொல்ல, எனக்கு அவர் இந்த வீட்டு ஆள் இல்லை எண்ட மாதிரிக் கிடந்தது. அவற்ற பேரையும் இந்த வீட்டு விலாசத்தையும் சேத்து எழுத வேணும் போல இருந்தது. வேற எங்க எழுதுறது? பேர் விழுமெண்டு நான் நினைக்கேல்லை. ஒரு நாளும் விழுந்ததில்லைத்தானே."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது, அல்லது விளங்கியது என்று நினைத்தேன். அன்றைக்குச் சித்தி வாங்கிக்கொண்டு போனது என் கட்டம். இரண்டு சொல்லைத் தவிர எல்லாம் என் விடைகள். என் விடைக்குச் சித்தப்பாவின் பெயரா என்று மனதுக்குள் ஒரு குறை முளைத்தது. அத்தனை பயத்துக்கு நடுவிலும் அது முளைத்ததை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

அந்தத் தாய் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. முகத்தில் இருந்த சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாதவர் போல இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, அந்தப் பெயரை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். விலாசத்தையும் வாசித்தேன். மேலே என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். அவர் கொண்டுவந்த தாளில் முதற்பக்கமும் சேர்ந்து இருந்தது. எல்லோரும் பேசாமல் இருக்கிறார்களே என்ற பயத்தில் நான் இன்றைய சிந்தனையை உரத்து வாசித்தேன். குறித்த நேரத்துக்கு வருகிறவனைத்தான் உலகம் மதிக்கும் என்பது போல ஏதோ வந்திருந்தது.

வாசித்து முடித்துவிட்டு, பழக்கத்தில், வாலுக்காகக் காத்து நின்றேன். குசினி வாசல் கதிரை காலியாக இருந்தது. அம்மா என்னை முறைத்தார்.

"என்ர மகன் ஒரு நாளும் நேரத்துக்கு வந்தவனில்லை," என்றார் அந்தத் தாய். "பிறக்கிறதுக்கே ரெண்டு கிழமை, முழுசாப் பதினாலு நாள், பிந்தித்தான் வந்தவன். மருத்துவிச்சி ஏசினவ."

சித்தி சிரித்தார். சத்தமாகவே சிரித்தார். சிரித்துக்கொண்டே கீழே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தத் தாய் எழும்பிப் போய்ச் சித்தியின் தலையைத் தன் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அம்மா தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் அந்தத் தாய் கேட்டார்.

"என்ர மகன்ர பேரிலயும் ஒண்டு எழுதித் தாறியளே, பிள்ளை? எங்கட வீட்டு விலாசம் போட்டு."

நான் அப்பாவைப் பார்த்தேன். எங்கள் பெயர் எங்கும் வரக் கூடாது என்று சொன்ன அப்பா எழும்பி, அலுமாரிக்கு மேலே இருந்து ஒரு தபாலட்டையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். அன்றைய கட்டத்தில் நான் ஏற்கனவே கொஞ்சம் நிரப்பியிருந்தேன். எனக்கு மனச்சாட்சி குத்தியது.

"விடையை அவரவர்தான் கண்டுபிடிக்க வேணும். அந்த அண்ணாவுக்கு இதொண்டும் தெரியாது," என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினார். அந்தத் தாய்க்குக் கோபம் வரவில்லை. "அப்ப எனக்குச் சொல்லு. நான் கண்டுபிடிச்சுத் தாறன்," என்றார்.

தெற்கில் இருந்து வீசும் காற்று என்று ஒரு குறிப்பு, நாலு எழுத்து. நான் தென்றல் என்று போட்டிருந்தேன், குறுக்கே வந்த சொல்லோடு அது பொருந்தாமல் நின்றது. அதை அவரிடம் வாசித்துக் காட்டினேன்.

"எங்கட பக்கம் அதைச் சோளகம் எண்டுதான் சொல்லுறது," என்றார் யோசிக்காமல்.

அழித்துவிட்டு எழுதினேன். பொருந்தியது. ஒரு விடையாவது அந்த வீட்டு ஆள் சொன்னது என்பதால் விதி முழுதாக மீறப்படவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மிச்சத்தையும் நிரப்பி, அந்த அண்ணாவின் பெயரை என் மிக வடிவான கையெழுத்தில் எழுதினேன். அவர் அட்டையை வாங்கி எழுத்துக் காயும் வரைக்கும் ஊதினார். பேனை மை ஏற்கனவே காய்ந்துதான் இருந்தது. பிறகு சித்தி இன்னோர் அட்டை கேட்டார். யாருடைய பெயரில் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வள்ளத்தைப் பற்றி இன்று வரைக்கும் ஒரு செய்தியும் இல்லை. அந்தத் தாய் பிறகும் பல ஞாயிறுகள் பஸ்ஸில் வந்தார். அப்பா அவருக்கென்று அட்டைகள் வாங்கி வைத்தார். போட்டியைப் பத்திரிகைக்காரர் நிறுத்தும் வரைக்கும் இரண்டு பெயர்களும் எங்கள் வீட்டில் இருந்து தவறாமல் போய்க்கொண்டிருந்தன. ஆனால் அந்த முதல் ஞாயிறன்று இதெல்லாம் நடக்கப் போகிறது என்று யாருக்குத் தெரியும். சித்தியும் நானும் அவரை பஸ் ஏற்றிவிடப் போனோம். வழியில் அட்டைகளைத் தபால்பெட்டிக்குள் போட்டேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் என்னிடம் கேட்டார்.

"எப்ப பிள்ளை பேர் வரும்?"

இந்த விஷயத்தில் அங்கே நின்ற மூன்று பேரிலும் நான்தான் அனுபவசாலி. "ரெண்டு கிழமையால வரும், மாமி. ஆனா கட்டாயம் வருமெண்டு சொல்ல ஏலாது. எல்லா ஊரில இருந்தும் கனபேர் அனுப்புறவை. கொஞ்சப் பேரைத்தான் போடுவினம்," என்றேன்.

"வராட்டி?"

"வராட்டி ஒண்டும் இல்லை. எங்களுக்கு எத்தினை வருசமா வரேல்லை. அதுக்காக விடுறதே? அடுத்த ஞாயிறும் அனுப்ப வேணும்."

"இன்னொருக்கா சொல்லு, பிள்ளை."

காது கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தவர் பஸ் வரும் வரைக்கும் விடவில்லை. எனக்கு உள்ளங்கை வியர்த்தது. எப்போது விடுவார் என்று இருந்தது.

நிலாவெளிப் பக்கம் போகிற பஸ் வந்து, அவர் ஏறிப் போனதும், அதுவரை அடக்கி வைத்திருந்த கவலையைச் சித்தியிடம் கேட்டுவிட்டேன்.

"சித்தி, அந்த அண்ணாவின்ர பேர் விழுந்தா, எங்கட சித்தப்பாவின்ர பேர் விழாமப் போயிடுமே?"

சித்தி பஸ் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதல்ல அவன்ர பேர் விழட்டும்," என்றார். "ரெண்டும் ஒண்டுதான்."

போட்டி என்றால் என்னவென்றே இந்தச் சித்திக்குத் தெரியாது என்று, வீடு வரும் வரைக்கும் நான் அவரோடு கதைக்காமல் வந்தேன்.